ஏழு மாசக் கணக்கும் எட்டு மாசக் கணக்கும்

ரெண்டு வாரமா எதுவும் எழுதல. மழை. சம்பா நட்ட வயல்ல தண்ணி நிக்குது, வடிகால் வெட்டி விடவே பொழுது சரியா இருக்கு. நெல்லைப் பத்தியே எழுதிக்கிட்டிருந்தா நீங்களும் சலிச்சுப் போவீங்க. இன்னிக்கு வேற விஷயம்.

நவம்பர் 17 வந்துட்டுப் போயிடுச்சு. அது உலகக் குறைமாதக் குழந்தைகள் தினம். ஊதா நிறம்தான் அதுக்கு அடையாளம். பல நாட்டுல அன்னிக்கு ராத்திரி பெரிய கட்டடங்களுக்கு ஊதா விளக்கு போடுறாங்க. எங்க ஊர்ல இப்படி ஒரு நாள் இருக்குன்னு தெரிஞ்சவங்க ரெண்டே பேர். ஒண்ணு எங்க நர்சம்மா, இன்னொண்ணு நான். நான் தெரிஞ்சுக்கிட்டது என் பேத்தியால.

2022 ஏப்ரல். பெரிய பொண்ணை பெருங்களத்தூர்ல கட்டிக் கொடுத்திருக்கேன். தலைப்பிரசவம். ஏழாம் மாசம் வளைகாப்பு முடிச்சு, படப்பை தாண்டி இருக்கிற எங்க வீட்டுக்குக் கூட்டிட்டு வந்தோம். வந்த நாலாம் நாள் ராத்திரி இடுப்பு வலிக்குதுன்னா. என் வீட்டுக்காரி சூட்டு வலின்னு சொல்லி சீரகத் தண்ணி வெச்சுக் கொடுத்தா. விட்டு விட்டு வயிறு இறுகுதும்மான்னு பொண்ணு சொன்னப்பவும், நாள் இருக்கு, படுன்னுதான் சொன்னோம். இப்படியே ரெண்டு மணி நேரம் போச்சு. அந்த ரெண்டு மணி நேரத்தை நினைச்சா இன்னிக்கும் எனக்கு வயிறு கலங்கும்.

அதனால முதல்ல இதைச் சொல்லிடறேன். 37 வாரம் முடியறதுக்கு முன்னாடி பிறந்தா அது குறைமாதக் குழந்தை. அதுக்குள்ள வயிறு விட்டு விட்டு இறுகினாலோ, இடுப்பு வலி விடாம இருந்தாலோ, தண்ணி உடைஞ்சாலோ, கொஞ்சம் ரத்தம் பட்டாலோ கஷாயம் வைக்கக் கூடாது, வண்டிதான் கூப்பிடணும். சூட்டு வலியாவே இருந்தா திரும்பி வந்துக்கலாம், ஒண்ணும் நஷ்டமில்ல.

ஆரம்ப சுகாதார நிலையத்துல அன்னிக்கு இருந்த நர்ஸ் பொண்ணுக்கு வயசு இருபத்தஞ்சு இருக்கும். பார்த்த உடனே 108-க்கு போன் போட்டுட்டு, வண்டி வர்றதுக்குள்ள ஒரு ஊசி போட்டுச்சு. என்ன ஊசின்னு கேட்டேன். குழந்தையோட நுரையீரலுக்கு, வெளிய வந்தா மூச்சு விடணும் இல்லன்னு சொல்லுச்சு. டெக்சாமெத்தசோன். ரொம்ப மலிவான மருந்து.

அந்த ஊசி எங்கிருந்து வந்ததுன்னு பின்னாடி படிச்சப்ப எனக்கு ஆச்சரியம் தாங்கல. நியூசிலாந்துல லிக்கின்ஸ்னு ஒரு டாக்டர், ஆட்டை வெச்சு ஆராய்ச்சி பண்ணிக்கிட்டிருந்தார். ஆடு சினை சுமார் அஞ்சு மாசம், உங்களுக்குத் தெரியாட்டியும் எங்களுக்குத் தெரியும். ஒரு மாசத்துக்கும் மேல முன்னாடி பிறந்த செம்மறிக் குட்டி, நியாயமா மூச்சே விட்டிருக்கக் கூடாது, ஆனா உயிரோட கிடந்துச்சு. தாய்க்கு ஏன் பிரசவ வலி வருதுன்னு பார்க்கக் கொடுத்த மருந்து குட்டியோட நுரையீரலை முதிர வெச்சிருக்குன்னு அவருக்குப் புரிஞ்சுது. 1969-ல அதை எழுதினார். 1972-ல ஹோவின்னு இன்னொரு டாக்டரோட சேர்ந்து மனுஷங்களுக்கும் அது வேலை செய்யும்னு காட்டினார். நானும் ஆடு வளர்க்கிறவன்தான். காலம் தப்பிப் போட்ட குட்டியை எத்தனை தடவை குழி வெட்டிப் புதைச்சிருக்கேன். அதுல ஒருத்தருக்கு ஒரு கேள்வி தோணியிருக்கு பாருங்க.

பேத்தி மறுநாள் சாயங்காலம் பட்டணத்துல ஒரு அரசு ஆஸ்பத்திரியில பிறந்தா. முப்பது வாரம். எடை 1340 கிராம். நம்ம வீட்டு அரிசிப் படி எடைகூட இல்ல. 36 நாள் உள்ள இருந்தா.

வார்டுக்குள்ள நடந்ததைப் பத்தி எனக்குக் குறை இல்ல. இன்குபேட்டர், ஆக்சிஜன், மருந்து, எதுக்கும் காசு கேக்கல. தனியார்ல ஒரு நாளைக்கு பத்தாயிரம், பதினஞ்சாயிரம்னு சொல்றாங்க. 36 நாளால பெருக்கிப் பாருங்க, என் ஒரு ஏக்கர் எழுபது சென்ட்டும் அடமானத்துக்குப் போயிருக்கும். நான் பேச வந்தது வார்டுக்கு வெளிய நடக்கிறதை.

வெளிய ஒரு வேப்பமரம். அதுக்குக் கீழ பேப்பர் விரிச்சுப் படுத்திருக்கிற அப்பன்மார்கள், தாத்தன்மார்கள். தாயை உள்ள விட்டுடறாங்க, அது சரி. அப்பனுக்கு ஒரு நாளைக்கு ரெண்டு தடவை கண்ணாடி வழியா பாக்கலாம். மத்த நேரம் மருந்துச் சீட்டு நீட்டுனா ஓடணும், ரத்தம் வேணும்னா ஆள் தேடணும், பேர் கூப்பிட்டா அங்க இருக்கணும். வேலைக்கும் போக முடியாது, சும்மாவும் இருக்க முடியாது. என் மாப்பிள்ளை ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனியில காண்ட்ராக்ட் வேலை. அஞ்சு நாள் லீவு கொடுத்தாங்க. ஆறாவது நாள் போன் வந்துச்சு. எட்டாவது நாள் வேற ஆள் போட்டுட்டாங்க. குழந்தை இன்குபேட்டர்ல, அப்பனுக்கு வேலை இல்ல. அந்த வாரம் முழுக்க அவன் என் முகத்தைப் பார்த்துப் பேசல.

பொண்ணுங்களுக்கு மகப்பேறு லீவு சட்டத்துலயே இருக்கு. 2017 திருத்தத்துக்கு அப்புறம் 26 வாரம். குறைப்பிரசவத்தால உடம்பு சரியில்லாம போனா மேற்கொண்டு ஒரு மாசம்னும் சட்டத்துல இருக்கு. இது எத்தனை பேருக்குத் தெரியும்? ஆபீஸ்ல வேலை பாக்கறவங்க இதைப் படிச்சா உங்க கூட வேலை பாக்கற பொண்ணுகளுக்குச் சொல்லுங்க. ஆனா தனியார்ல வேலை செய்யற அப்பனுக்கு ஒரு நாள்கூட கொடுக்கணும்னு நம்ம நாட்டுல சட்டம் கிடையாது. பிரிட்டன்ல 2025 ஏப்ரல்ல இருந்து ஒரு சட்டம் நடைமுறைக்கு வந்திருக்கு. பிறந்த 28 நாளுக்குள்ள குழந்தையை ஆஸ்பத்திரியில சேர்த்து, ஒரு வாரமோ அதுக்கு மேலயோ வெச்சிருந்தா, தாய்க்கும் தகப்பனுக்கும் தனியா 12 வாரம் வரைக்கும் லீவு. வழக்கமான பிரசவ லீவு வேற, இது வேற. அங்கயும் போராடித்தான் வாங்கியிருக்காங்க. நம்ம ஊர்ல காண்ட்ராக்ட்காரனுக்கு இதெல்லாம் எப்ப வருமோ. குறைஞ்சபட்சம் சூப்பர்வைசர் மனசு வெச்சா ஒரு மாசம் ஆளை மாத்தாம இருக்கலாம் இல்லையா? இதைப் படிக்கிறவங்கள்ல சூப்பர்வைசர் யாராச்சும் இருப்பீங்க.

முத்துலெட்சுமி ரெட்டி திட்டத்துல 18,000 ரூபாய் மதிப்புக்குக் கிடைக்குது, பணமும் ஊட்டச்சத்துப் பெட்டகமுமா. நல்ல திட்டம், கர்ப்பம்னு தெரிஞ்ச உடனே நர்சம்மாகிட்ட பதிஞ்சு பிக்மி நம்பர் வாங்கிடணும். ஆனா அது தவணை தவணையா வர்ற காசு. வேப்பமரத்தடியில உக்காந்திருக்கிற அன்னிக்கு வேண்டியது வேற. தாம்பரத்துக்கு பஸ், அங்கிருந்து மின்சார ரயில், மூணு வேளை சாப்பாடு, டீ, போனுக்கு ரீசார்ஜ். ஒரு ஆளுக்கு 350, 400 ரூபாய் தினம் போகும். வருமானம் நின்ன வீட்ல.

அந்த மரத்தடியில கூடுவாஞ்சேரியில ஷேர் ஆட்டோ ஓட்டுற தம்பி ஒருத்தர், பள்ளிக்கரணை பக்கம் அடுக்குமாடி வீட்டுக்குப் பெயிண்ட் அடிக்க வந்த பீகார்க்காரர் ஒருத்தர். பீகார்க்காரருக்குத் தமிழ் வராது. பேர் கூப்பிட்டா அவருக்குப் புரியாதுன்னு நாங்க மாத்தி மாத்தி காதைத் தீட்டி வெச்சிருப்போம். அவர் குழந்தை பதினோராம் நாள் போயிடுச்சு. மரத்தடியில இருந்தவங்க ஆளுக்கு நூறு போட்டு ரயில் டிக்கெட்டுக்குக் கொடுத்தோம். அவர் சம்சாரம் கேட்ல இருந்து ஆட்டோ வரைக்கும் நடந்து போனது எனக்கு மறக்காது. கையில ஒண்ணும் இல்லாம, ஆனா கையை மட்டும் குழந்தை வெச்சிருக்கிற மாதிரியே மடக்கி வெச்சிருந்துச்சு.

சின்னக் குழந்தைதானே, அடுத்தது பொறக்கும்னு சொல்ற வாய் நம்ம வாய். பதினோரு நாள் குழந்தைன்னாலும் குழந்தைதான். வாயை மூடிக்கிட்டு ஒரு வேளை சோறு கொண்டு போய்க் கொடுத்தா போதும்.

பேத்திக்கு இருபத்தி நாலாம் நாள்ல இருந்து கங்காரு முறை ஆரம்பிச்சாங்க. குழந்தைக்குத் துணி போடாம, தொப்பி, டயப்பரோட மட்டும், தாயோட வெறும் நெஞ்சுல சாய்ச்சுக் கட்டி விடறாங்க. 1978-ல கொலம்பியா நாட்டுல பொகோட்டாங்கிற ஊர்ல, இன்குபேட்டர் பத்தாம ஒரே பெட்டியில ரெண்டு மூணு குழந்தை கிடந்தப்ப, ரே சனாப்ரியான்னு ஒரு டாக்டர் ஆரம்பிச்சது. இல்லாதவன் கண்டுபிடிச்ச வைத்தியம். அப்புறம் இந்தியாவும் ஆப்பிரிக்காவுல நாலு நாடும் சேர்ந்து ஒரு ஆய்வு. பிறந்த உடனே நெஞ்சுல போட்ட குழந்தைங்கள்ல நூத்துக்கு 12 தவறிச்சு, வழக்கமான முறையில நூத்துக்குப் பதினாறு கிட்ட. 2021-ல அது வெளியாச்சு. 2022-ல உலக சுகாதார நிறுவனமே, குழந்தை நிலையாகட்டும்னு காத்திருக்க வேணாம், பிறந்த உடனே ஆரம்பிங்கன்னு சொல்லிடுச்சு.

பொண்ணுக்கு நடுவுல காய்ச்சல். என் வீட்டுக்காரிக்கு இருமல். மாப்பிள்ளை புது வேலை தேடிப் போயிருந்தான். யார் நெஞ்சா இருந்தாலும் சரியான்னு கேட்டேன். சிஸ்டர் கொஞ்சம் யோசிச்சாங்க. அப்புறம் போய்க் குளிச்சிட்டு, நகம் வெட்டிட்டு, சட்டையைக் கழட்டிட்டு வாங்கன்னாங்க. நாலு நாள், சாயங்காலம் சாயங்காலம் ரெண்டு மணி நேரம். என் நெஞ்சு வெயில்ல காய்ஞ்ச நெஞ்சு, முடி வேற. அதுல ஒரு அணில் குஞ்சு மாதிரி ஒட்டிக்கிச்சு. மூச்சு விடறது என் தோல்ல தெரியும். அது நிக்குதோன்னு பயந்து பயந்து நான் மூச்சு விட மறந்துடுவேன். வார்டுல அதுக்குப் பால் கொடுத்தது பாலாடையில. எங்க அம்மா எங்களுக்குக் கொடுத்த அதே பாலாடை. பக்கத்துக் கட்டில் பொண்ணுக்குப் பால் சுரக்கல, தாய்ப்பால் வங்கியில இருந்து வந்துச்சு. பால் குடுக்கற பொண்ணுங்க யாராச்சும் இதைப் படிச்சா, மிச்சமாகிற பாலை வங்கிக்குக் கொடுக்க முடியுமான்னு பக்கத்துல இருக்கிற பெரிய அரசு ஆஸ்பத்திரியில கேட்டுப் பாருங்க.

இப்ப கண்ணு விஷயம். இதை மட்டும் யாரும் தாண்டிப் போகாதீங்க.

குறைமாசத்துல பிறக்கிற குழந்தைக்குக் கண்ணுக்குள்ள விழித்திரை ரத்தக்குழாய் முழுசா வளர்ந்திருக்காது. வெளிய வந்த அப்புறம் அது கோணலா வளரலாம். ஆக்சிஜன் கூடிப் போனா ஆபத்து இன்னும் அதிகம். வெளியில பாத்தா கண்ணு பளிச்சுன்னு நல்லாத்தான் இருக்கும். முத்திப் போச்சுன்னா நிரந்தரமா பார்வை போயிடும். அதனால 34 வாரத்துக்கு முன்னாடி பிறந்தாலோ, 2 கிலோவுக்குக் குறைஞ்சாலோ, பிறந்த 30 நாளுக்குள்ள கண் டாக்டர் பார்த்தே ஆகணும். 28 வாரத்துக்கு முன்னாடி பிறந்ததோ 1200 கிராமுக்குக் குறைஞ்சதோ இன்னும் சீக்கிரம், ரெண்டு மூணு வாரத்துலயே. காலத்துல பிடிச்சா லேசர்ல காப்பாத்தலாம்.

இது சென்னையிலயே நடந்த கதை. 1996 ஆகஸ்ட் 30, எழும்பூர் அரசு மகளிர் குழந்தைகள் மருத்துவமனையில 29 வாரத்துல ஒரு பெண் குழந்தை, 1250 கிராம். என் பேத்தி எடைக்குக் கிட்டத்தட்ட. இன்குபேட்டர்ல இருந்துட்டு செப்டம்பர் 23-ல வீட்டுக்குப் போச்சு. கண்ணைப் பரிசோதிக்கணும்னு பெத்தவங்ககிட்ட யாரும் சொல்லல. பார்வை போயிடுச்சு. அந்த அப்பா விடல. தேசிய நுகர்வோர் ஆணையம் 2009-ல அஞ்சு லட்சம் கொடுக்கச் சொல்லுச்சு. அவர் உச்ச நீதிமன்றம் போனார். 2015 ஜூலை 1-ல தீர்ப்பு, மொத்தம் சுமார் ஒரு கோடியே எண்பது லட்சம். அப்ப அந்தப் பொண்ணுக்குப் பதினெட்டு வயசு. கோடி வந்து என்ன, கண்ணு வரல.

இவ்வளவு பெரிய தீர்ப்பு வந்த ஊர்ல, என் பேத்திக்கு என்ன ஆச்சு தெரியுமா? வார்டுலயே 26-ஆம் நாள் கண்ணு பார்த்தாங்க, அது வரைக்கும் சரி. ரெண்டு வாரம் கழிச்சு மறுபடி பாக்கணும்னு ஒரு சீட்டுல எழுதிட்டாங்க. டிஸ்சார்ஜ் அன்னிக்கு எட்டு சீட்டு கையில கொடுத்தாங்க, இதுதான் முக்கியம்னு யாரும் வாய் திறந்து சொல்லல. நான் பன்னிரண்டாவது வரைக்கும் படிச்சவன், ஆனா அதுல இங்கிலீஷ்ல என்ன கிறுக்கியிருக்குன்னு எனக்குத் தெரியல. சீட்டு பைக்கு அடியில போயிடுச்சு. வீட்டுக்கு எடை பாக்க வந்த எங்க நர்சம்மாதான், கண்ணு செக்கப் எப்பண்ணேன்னு கேட்டாங்க. பையைக் கொட்டித் தேடினா, தேதி மறுநாள்! காலையில அஞ்சரைக்கே கிளம்பினோம். அப்புறம் இன்னும் ரெண்டு தடவை போய், ரத்தக்குழாய் முழுசா வளர்ந்திடுச்சு, இனி பயமில்லன்னு சொன்னப்பதான் எனக்குத் தூக்கம் வந்துச்சு. ஒரு நர்சம்மா கேட்காம விட்டிருந்தா? அந்தச் சீட்டைத் தமிழ்ல, கொட்டை எழுத்துல, ஒரு தேதி போட்டு அச்சடிச்சுக் கொடுக்க என்ன செலவாகும்?

இன்னொண்ணு இருக்கு. இதை எழுதலாமா வேணாமான்னு ரொம்ப நாளா யோசிச்சேன்.

பேத்தி பிறக்கறதுக்கு ஆறு வருஷம் முன்னாடி. சொர்ணவாரி நடவு, மே மாச வெயில். நடவுக்கு வந்த பொண்ணுகள்ல ஒண்ணு ஏழு மாசம். முடியுமாம்மான்னு கேட்டேன். முடியும்ணேன்னு சொல்லுச்சு. முடியாதுன்னா அன்னிக்குக் கூலி போச்சே, வேற என்ன சொல்லும்? நானும் அதுக்கு மேல கேக்கல, எனக்கு நடவு முடியணும். மூணு நாள் குனிஞ்சு நட்டுச்சு. நாலாம் நாள் வரல. ராத்திரி பிரசவம் ஆயிடுச்சு, குழந்தை ரெண்டு நாள்தான் இருந்துச்சு. ஊர்ல எல்லாரும் அந்தப் பொண்ணைத்தான் பேசினாங்க, பாரம் தூக்கியிருப்பா, பப்பாளி தின்னிருப்பா, கால் சரியில்லன்னு. என்னை யாரும் ஒரு வார்த்தை கேக்கல.

என் வயல்தான் காரணம்னு அடிச்சுச் சொல்ல முடியாது. ரத்தசோகை, ரத்தக் கொதிப்பு, கிருமி, ரெட்டைப் பிள்ளை, சின்ன வயசுக் கர்ப்பம்னு காரணம் பல. பல பேருக்கு என்ன காரணம்னு டாக்டராலயே சொல்ல முடியறதில்ல, என் பொண்ணுக்கும் சொல்ல முடியல. ஆனா போரூர் ஸ்ரீ ராமச்சந்திராவுல, தமிழ்நாட்டுல வேலைக்குப் போற 800 கர்ப்பிணிகளை வெச்சு ஒரு ஆய்வு பண்ணி 2024-ல வெளியிட்டாங்க. வயல், செங்கல் சூளை, உப்பளம்னு வேகற இடத்துல வேலை செய்யறவங்களுக்குக் கரு கலையற ஆபத்து ரெண்டு மடங்காம். குறைப்பிரசவம், எடை குறைவுக்கும் வெயில் ஒரு காரணம்னு சொல்றாங்க. படிச்சிட்டு நான் அன்னிக்கு வயலுக்குப் போகல.

இப்ப எங்க வயல்ல வெயில் காலத்துல காலையில அஞ்சரைக்கு இறங்கினா பதினோரு மணிக்கு கரையேறிடணும். அஞ்சு மாசம் தாண்டின பொண்ணு வந்தா நிழல்ல உக்காந்து விதை சலிக்கிற வேலை, அதே கூலி. வேலை இல்லாட்டியும் மோர் குடிச்சிட்டு உக்காரட்டும். பக்கத்து வயல்காரர் சிரிக்கிறார். ஒரு போகத்துக்கு ரெண்டாயிரம் ரூபா கூட ஆகல எனக்கு. உங்க ஊர்லயும் மேல மாடி கட்டறப்ப சிமெண்ட் கலவை சுமக்கற பொண்ணோட வயித்தைக் கொஞ்சம் பாருங்க. வீட்டு வேலைக்கு வர்ற அம்மா நாலு நாள் வரலன்னா, பேத்தி இன்குபேட்டர்ல இருக்குன்னு தெரிஞ்சா, சம்பளத்தைப் பிடிக்காதீங்க. உங்களுக்கு ஒரு சினிமா செலவு அது.

2020-ல மட்டும் உலகத்துல ஒரு கோடியே 34 லட்சம் குழந்தைங்க இப்படிப் பிறந்திருக்கு. அதுல சுமார் 30 லட்சம் நம்ம நாட்டுல, வேற எந்த நாட்டையும்விட அதிகம். உங்க தெருவுலயும் ஒண்ணு இருக்கும், உங்களுக்குச் சொல்லியிருக்க மாட்டாங்க. ஏன் சொல்லுவாங்க? சொன்னா எடை எவ்வளவுன்னு கேப்பீங்க, எலிக்குஞ்சு மாதிரி இருக்குன்னு சொல்வீங்க. ஆறு மாசத்துல இன்னும் கவிழலையா, உக்காரலையாம்பீங்க. அந்தக் குழந்தைங்களுக்குக் கணக்கு பிறந்த நாள்ல இருந்து இல்ல, பிறக்க வேண்டிய நாள்ல இருந்து. ரெண்டு வயசு வரைக்கும் அப்படித்தான் பாக்கணும்னு டாக்டர் சொன்னார். என் பேத்தி நடக்க பதினாறு மாசம் ஆச்சு. அவ கணக்குல அது பதினாலுகூட இல்ல. என் பொண்ணு அந்த நாலு மாசம் விசேஷம் எதுக்குமே போகல, யாருக்குப் பதில் சொல்றதுன்னு.

போன வாரம் எங்க மேலத்தெருவுல ஒரு பையன் பிறந்திருக்கான். 34 வாரம், ஒண்ணே முக்கால் கிலோ. இப்பதான் ஆஸ்பத்திரியில இருந்து கொண்டு வந்தாங்க. அந்தப் பாட்டியம்மா ஊரெல்லாம் சொல்லிக்கிட்டிருக்காங்க, ஏழு மாசத்துல பொறந்தா நிக்கும், எட்டு மாசத்துல பொறந்தா நிக்காதுன்னு. இதை யார் கிளப்பி விட்டாங்களோ தெரியல. தாய் வயித்துல ஒரு வாரம் கூட இருந்தா அவ்வளவுக்கு நல்லது, எட்டு மாசம் ஏழைவிட மேல், எந்த டாக்டரைக் கேட்டாலும் சொல்வாங்க. நேத்து நர்சம்மாவும் நானும் போனோம். பேத்தியையும் கையில பிடிச்சுக் கூட்டிட்டுப் போனேன், பாட்டி கண்ணால பார்க்கட்டும்னு. இவளும் 1340 கிராம்தான் பாட்டி, இப்ப பாருங்கன்னேன்.

அவங்க பேத்தியை மேலயும் கீழயும் பார்த்துட்டு, அது ஏழு மாசமில்ல, அதான் நின்னுச்சுன்னு சொல்லிட்டாங்க.

நர்சம்மா சிரிச்சிட்டாங்க. எனக்குச் சிரிப்பு வரல. கண்ணு செக்கப் தேதியை மட்டும் அந்தப் பையனோட அப்பன் போன்ல அலாரம் வெச்சுக் கொடுத்துட்டு வந்தேன். வர்ற செவ்வாய்க்கிழமை. மழை விட்டா நானே தாம்பரம் வரைக்கும் கொண்டு போய் விடறதாச் சொல்லியிருக்கேன்.